உங்களோடு போன என் லொக் புத்தகம்

எஞ்சின் சத்தத்தில் இடது காது மந்தமாகிப்போன என் அன்பு அப்பாவுக்கு,

வலது காதுப் பக்கமாக நின்று இதை எழுதுகிறேன். கேட்கிறதா?

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சுகம். முழங்கால் நோ முன்னைப் போலத்தான். முற்றத்து முருங்கை போன மாரிக் காற்றில் முறிந்தது, முறிந்த இடத்திலேயே திரும்பத் தளிர்த்து நிற்கிறது. உங்கள் வள்ளத்தைப் பெரியப்பாவின் மகன் அண்ணைதான் ஓட்டுகிறார். நீங்கள் எஞ்சினோடு கதைத்துக் கதைத்து ஓட்டினீர்கள், அவர் ஏசி ஏசி ஓட்டுகிறார். எஞ்சின் அதற்கும் கேட்கிறது.

நான் திரும்பவும் பறக்கப் போகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லும்போது சந்தோசம் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை, அப்பா. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது எல்லாம். உங்கள் செத்தவீட்டில் நான் அழவில்லை. "கொழும்புக்குப் போன பெட்டை, நெஞ்சு கல்லாப் போச்சு" என்று யாரோ என் காதுபடவே சொன்னார்கள். கல்லாகத்தான் போனதோ என்று நானும் யோசித்தேன். யோசித்தேனே தவிர, அதுவும் நோகவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள், அவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஓட்டப் பழகுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு லொக் புத்தகம் இருக்கும். என்றைக்கு, எந்த விமானத்தில், எங்கேயிருந்து எங்கே, எவ்வளவு நேரம், வாத்தியாரோடா தனியவா என்று ஒவ்வொரு பறப்பையும் அதில் எழுதி வாத்தியார் கையெழுத்து வைப்பார். அது இல்லாவிட்டால் நீங்கள் பறந்ததற்கு வாய்ச்சொல்தான் சாட்சி. நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன காலத்தில் தெற்கில் இருந்த எங்கள் பறப்புப் பள்ளிக்கூடமும் கதவைச் சாத்தியது. நான் உடுப்புப் பையோடும் அந்தப் புத்தகத்தோடும் வீட்டுக்கு வந்தேன். வந்த அடுத்த நாளே புத்தகம் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

மீன் வாங்கிற பொலித்தீன் பையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் அதைச் சுற்றி, சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டு திரிந்தீர்கள். கடற்றொழிலாளர் சங்கத்தில் காட்டினீர்கள். தேத்தண்ணிக் கடையில் காட்டினீர்கள். உடுப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை பகுதிக்கு ஏன் காட்டினீர்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து, "பிள்ளை, வாத்தி இல்லாமல் ஓடினது எது?" என்று கேட்பீர்கள். நான் விரல் வைத்துக் காட்டுவேன். அந்த வரியின் மேல் உங்கள் பெருவிரலை வைத்து வைத்து, கடைசியில் அந்த இடத்தில் எண்ணெய்க் கறை பிடித்து, பக்கத்தில் ஒரு மீன் செதிலும் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுக்கப் பார்த்தேன். "விடு, வாசமா இருக்கட்டும்" என்றீர்கள்.

உங்களுக்குப் பிடித்த வரி இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னர், வாத்தியார் பக்கத்தில் இருக்க நான் எங்கள் பக்கத்துப் பலாலி விமான நிலையம் வரை ஓட்டிக்கொண்டு வந்தேன். கடற்பக்கமாகச் சுற்றி, எங்கள் கரையைத் தாண்டித்தான் இறங்கினோம். முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். நீங்கள் வலையும் இல்லாமல் சும்மா வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய், கடலில் எழும்பி நின்று சாரத்தை அவிழ்த்து ஆட்டினீர்களாம். உள்ளே காற்சட்டை போட்டிருந்தது எங்கள் குடும்ப மானம்.

பிறகு, "என்னைக் கண்டனியே?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள்.

"இல்லையப்பா. கனக்க வள்ளம் நிண்டது. எது எங்கடை எண்டு தெரியேல்லை" என்றேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது வள்ளத்தின் உட்பக்கம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தீர்கள். வெளிப்பக்கம் இல்லை, உட்பக்கம். மேலேயிருந்து பார்ப்பதற்கு. கரையில் எல்லாரும் சிரித்தார்கள். "அடுத்தமுறை தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

அடுத்தமுறை வரவில்லை. எரிபொருள் வரும் வரைக்கும் சும்மா இருக்காமல் நான் கொழும்பில் ஒரு வேலைக்குப் போனேன். புத்தகத்தை உங்களிடமே விட்டுவிட்டுப் போனேன். ஒரு விடியற்காலை வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு மணலில் இருந்தீர்கள், எழும்பவில்லை. நான் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது நீங்கள் விறாந்தையில் பெட்டிக்குள், ஒருநாளும் கட்டாத பட்டு வேட்டியோடு கிடந்தீர்கள். யாருடைய வேட்டி அப்பா அது?

அம்மா உங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி. சீப்பு. வெற்றிலைப் பை. ரேடியோவையும் வைக்கப் போனார், பற்றரி வெடிக்கும் என்று அண்ணைதான் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தார். வாய்க்கரிசி போட்டோம். பறை முன்னுக்குப் போக உங்களைத் தூக்கினார்கள். நாங்கள் பெண்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்கு வரைக்கும் பின்னால் வந்தோம். அதற்கு அங்கால் பெண்கள் போவதில்லை. நீங்கள் பெற்றது ஒரே ஒரு பிள்ளை, அதுவும் பெண். எனவே அண்ணை கொள்ளி வைத்தார். நான் முடக்கில் நின்று, பறைச் சத்தம் குறைந்து குறைந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பி வந்து முழுகினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் புத்தகத்தைத் தேடினேன். அலுமாரி, பரண், வலை வைக்கிற கொட்டில், எங்கும் இல்லை. கடைசியில் அண்ணை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"அது பெட்டிக்கை கிடந்தது. சுடலையிலை மூடியைத் திறக்கேக்கை கண்டனான், சித்தப்பான்ரை கைக்குக் கீழை, அந்தப் பொலித்தீன் பையோடை. அவரின்ரை ஏதோ சாமான் எண்டு நினைச்சிட்டன். சித்தி தெரியாமல் வைச்சிட்டா போலை. அவவிட்டைக் கேட்டுடாதை."

நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல், உங்கள் சாமான்களை எல்லாம் ஒன்றும் விடாமல் கூடவே அனுப்பிவிட்டேன் என்பதுதான். வருகிறவர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்வார். அதில் ஒன்று உங்களுடையது இல்லை, என்னுடையது என்று எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. புத்தகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டேன். இங்கேயே ஒரு கணினி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. போனேன், வந்தேன், சாப்பிட்டேன். ஆகாயத்தில் விமானம் போனால் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. திரும்ப வரலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம், லொக் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அது இல்லை என்றேன். பிறகு விளக்கமாகச் சொன்னார்கள்: புத்தகம் எப்படிப் போனது என்று சத்தியக் கடதாசி வேண்டும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். அவை சரியாக இருந்தால் தங்களிடம் உள்ள பறப்புத் தாள்களைப் பார்த்துப் புதிய புத்தகத்தில் பழைய மணித்தியாலங்களை ஏற்றித் தரலாம். இல்லாவிட்டால் முதலிலிருந்து.

முதலிலிருந்து என்றால் அது நடக்காது என்று உங்களுக்குத் தெரியும். கனடாவில் இருந்து என் படிப்புக்குக் காசு அனுப்பிய சித்தப்பாவே சொல்லிவிட்டார். "மிச்சத்தை எப்பிடியும் முடிச்சுத் தாறன் பிள்ளை. ஆனால் திரும்ப ஒண்டிலை இருந்து எண்டால் சித்தப்பாவாலை ஏலாது." அவருக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சத்தியக் கடதாசிக்குக் கையெழுத்து வைக்கிற எங்கள் ஊர்ச் சமாதான நீதவானை உங்களுக்குத் தெரியும், தபாற்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், உங்கள் புத்தகக் கண்காட்சியில் நாலைந்து முறை அகப்பட்டவர். அவரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி முடிக்க முதலே கையை உயர்த்தினார்.

"பிள்ளை, இதெல்லாம் எழுதினால் கொழும்பிலை இருக்கிறவனுக்கு விளங்காது. பஸ்ஸிலை துலைஞ்சதெண்டு போடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

நல்ல மனதோடுதான் சொன்னார். சொன்னபடியே எழுதியும் தந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு வரும் பஸ்ஸில் பயணம் செய்கையில் தவறவிட்டுவிட்டேன் என்று, அச்சடித்த மாதிரி எழுத்து. கீழே நான் கையெழுத்து வைக்கவேண்டியதுதான் மிச்சம். வைத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அம்மாவுக்கும் ஒன்றும் தெரிந்திராது.

வைக்க முடியவில்லை, அப்பா. நான் பெரிய அரிச்சந்திரி என்று நினைக்காதீர்கள். கணினி வகுப்புக்குப் பிந்திப் போனால் பஸ் பழுது என்று வாய் கூசாமல் சொல்கிறவள்தான். ஆனால் அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் கைக்குக் கீழே. அதை ஒரு பஸ்ஸில், யாரோ இருக்கிற சீற்றுக்குக் கீழே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. பேனையை வைத்துவிட்டேன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப உண்மையைத்தான் எழுதோணும். நீ காணேல்லையெல்லோ? பெட்டிக்கை வைச்ச ஆள் வந்து சொல்லோணும். ஆர் வைச்சது?"

"அம்மா."

"அப்ப அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா."

கூட்டிக்கொண்டு வா என்று சொல்வது லேசு. ஒரு கிழமையாக நான் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேட்டால், உங்களுக்குச் செய்த கடைசிக் காரியத்தில் பிழை விட்டுவிட்டேன், பிள்ளையின் படிப்பையும் எரித்துவிட்டேன் என்று அந்த மனுசி இடிந்துபோகும். கேட்காவிட்டால் நான் இந்த வகுப்பறையிலேயே மௌசைப் பிடிக்கிறது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு கிழவியாகலாம். கிழவியாகிறதே பரவாயில்லை என்று இரண்டு தடவை முடிவும் எடுத்தேன்.

ஒரு மத்தியானம் அம்மா முற்றத்தில் குந்தியிருந்து சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பூனை பக்கத்தில். நான் கிணற்றுக்கட்டில் இருந்தேன். எந்த ஆயத்தமும் இல்லாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அம்மா, அப்பான்ரை பெட்டிக்கை ஒரு நீலப் புத்தகம் வைச்சனீங்களோ?"

"ஓம்."

"அது அப்பான்ரை இல்லையம்மா."

கத்தி நிற்கவில்லை. "உன்ரைதானே. தெரிஞ்சுதான் வைச்சனான்."

இதை மறைக்க மாட்டேன், அப்பா, எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலத்தில் முதல்முதலாக ஏதோ ஒன்று வந்தது, அது கோபமாக இருந்தது. நான் யாரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேனோ, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏனம்மா எரிச்சனீங்கள்? நான் திரும்பப் பறக்கக் கூடாதெண்டோ?"

"விசரே உனக்கு?" அம்மா அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். கையில் செதில். முழங்கையால் முகத்தைத் துடைத்தார். "அது உனக்கு வேணுமெண்டு எனக்குத் தெரியாதடி. பறந்து முடிஞ்ச கணக்குத்தானே எண்டு நினைச்சன். புதுசு ஒண்டு தருவினம் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் வைச்சனீங்கள்?"

"நீ முடக்கு மட்டும்தானே போகலாம். அங்காலை உன்னை விடாயினம். ஆம்பிளைப் பிள்ளை இருந்தால் கடைசி மட்டும் கூடப் போயிருப்பான். அந்த மனுசன் உன்னைச் சொல்லிச் சொல்லியே திரிஞ்சது. பெத்த பிள்ளை ஒண்டும் கூட வராமல், தன்ரை கண்ணாடியோடையும் சீப்போடையும் போறதே? உன்னை அனுப்பேலாது. அதுதான் உன்ரையை அனுப்பினன்."

பூனை ஒரு மீனை இழுத்துக்கொண்டு போனது. அம்மா அதைத் துரத்தவில்லை.

"பிழையெண்டால் பிழையெண்டே எழுது. நான் வந்து கையெழுத்து வைக்கிறன். இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை நீ?"

எனக்கு அழுகை வரும் என்று இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. கீழே கிடந்த கத்தியை எடுத்து மிச்ச மீனை நான் வெட்டினேன். நீங்கள் பார்த்திருந்தால் அந்த மீனுக்காக அழுதிருப்பீர்கள்.

அடுத்த நாள் அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். நீதவான் புதிதாக எழுதி வாசித்துக் காட்டினார். "மேற்படி புத்தகம் தொலைந்துபோன விதம் யாதெனில்" என்று அவர் ஆரம்பிக்க, அம்மா குறுக்கே கதைத்தார்.

"துலையேல்லை ஐயா. நான் குடுத்து விட்டது. அப்பிடி எழுதுங்கோ."

"அப்பிடி எழுதிறேல்லையம்மா."

"நடந்தது அதுதானே. நான் பொய்க்குக் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வெட்டிவிட்டு எழுதினார்: காலஞ்சென்ற தந்தையாரின் பூதவுடலுடன் தாயாரால் வைக்கப்பட்டு, தகனம் செய்யப்பட்டது. அம்மா தன் பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக, நேரம் எடுத்து எழுதினார். பொலிஸில் இருந்தவருக்குத்தான் பெரிய தலையிடி. "ஆரிலை முறைப்பாடு?" என்று கேட்டார். ஒருவரிலும் இல்லை என்றோம். "என்ன களவு போனது?" ஒன்றும் இல்லை என்றோம். கடைசியில் கடதாசியை முழுக்க வாசித்துவிட்டு, பதிந்து பிரதி தந்தார்.

பதில் வந்துவிட்டது, அப்பா. ஏற்றுக்கொண்டார்கள். புதிய புத்தகம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் மேல்வரியில் பழைய மணித்தியாலங்களைக் கூட்டி ஒரே தொகையாகப் போட்டு, வாத்தியார் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தியிருக்கிறார். நான் தனிய ஓடியது எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் எது முதலாவது என்று விரல் வைத்துக் காட்ட வரி இல்லை. எண்ணெய்க் கறையும் இல்லை. சுத்தமாக இருக்கிறது. மணந்து பார்த்தேன், கடதாசி வாசம்தான்.

முழுக்கவும் வரவில்லை. ஒரு மாதத்துத் தாள்கள் அவர்களிடம் இல்லை. மழைவெள்ளம் கந்தோருக்குள் புகுந்தபோது நனைந்து போய்விட்டனவாம். அந்த மாதப் பறப்புகள் உங்களோடு போன புத்தகத்தில் மட்டும்தான் இருந்தன. காட்ட முடியாததைக் கணக்கில் சேர்க்க முடியாது, அவற்றைத் திரும்பப் பறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எந்த மாதம் என்று பார்த்தேன். பலாலிக்கு வந்த மாதம்.

நீங்கள் சாரத்தை ஆட்டிய அந்தப் பறப்பு, சட்டப்படி, நடக்கவே இல்லை.

கவலைப்படுகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சொல்லத் தெரியவில்லை. பிறகு கரைக்குப் போனேன். அண்ணை வள்ளத்துக்குள் நின்று வலை மடித்துக்கொண்டிருந்தார்.

"உந்த மஞ்சள் வெயிலுக்குக் கண்ணைக் குத்துது. வாற கிழமை நீலம் அடிக்கப் போறன்" என்றார்.

"வேண்டாம் அண்ணை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "சரி, விடு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போறன்" என்றார்.

அம்மாவிடமும் சொன்னேன், அந்தப் பயணத்தைத் திரும்பவும் வரவேண்டி இருக்கிறது என்று. "நானும் வள்ளத்திலை ஏறட்டே?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெண்கள் தொழில் வள்ளத்தில் கால் வைத்து நீங்கள் கண்டிருக்கிறீர்களா? உங்களோடு இத்தனை வருடம் வாழ்ந்து, உங்கள் வள்ளத்தில் ஒருமுறைகூட ஏறாத மனுசி. "ஒழுங்கை முடக்கிலை நிண்டது போதும்" என்றார்.

எனவே அப்பா, இதுதான் நான் தரும் வாக்கு. அந்தப் புத்தகத்தை நீங்களே வைத்திருங்கள், திருப்பிக் கேட்க மாட்டேன். அதில் இருக்கிற பலாலிப் பயணம் உங்களுடையது. புதிய புத்தகத்துக்கு நான் இன்னொன்று பறப்பேன். கடற்பக்கமாகச் சுற்றி எங்கள் கரைக்கு வருவேன். எத்தனை வள்ளம் நின்றாலும் மஞ்சள் வள்ளம் எது என்று எனக்குத் தெரியும். அதற்குள் வெள்ளைச் சேலையோடு ஒரு ஆள் நிற்கும், அவருக்கு இறக்கையை ஆட்டிவிட்டுப் போவேன். அழுகை அன்றைக்கு வருமோ தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும், இறங்கி வந்து அந்த வரியை எழுதி, அண்ணையிடம் கொடுத்து எண்ணெய்க் கை ஒன்று பதிக்கச் சொல்வேன்.

முடக்கோடு நின்றுவிட்ட,
வாத்தி இல்லாமல் ஓடின,
உங்கள் ஒரே பிள்ளை.